முடியாது என்ற ஃபயர்வால்

ஓர் அலுவலகத்தின் கணினி வலையில், வருகிறவர்களைச் சோதித்து உள்ளே விடும் ஃபயர்வால் இருந்தது. தப்பான உத்தரவு ஒன்றை ஏற்றுக்கொண்டதிலிருந்து, மூன்று நாளாக எல்லாரிடமும் "முடியாது" என்றே சொல்லியது. முட்டி மோதி அலுத்த மஞ்சள் நெட்வொர்க் வயர், "இதைத் தூக்கிப் போடுங்க" என்றது.

டிராயரில் சுருண்டு கிடந்த, பழுது பார்க்கும்போது நேரடியாகப் பேச உதவும் நீலக் கன்சோல் வயர் வந்து, ஃபயர்வாலின் பின்பக்கத் துளையில் உட்கார்ந்து பேசிப் பார்த்தது. பதிலுக்கு வெறும் உளறல்தான் வந்தது.

"பாத்தியா, மூளை கலங்கிடுச்சு" என்றது மஞ்சள்.

"இல்லண்ணே. நான்தான் அது வேகத்துக்குப் பேசல."

நீலம் வேகத்தைக் குறைத்து, ஒவ்வோர் எழுத்தாக மறுபடி பேசியது. பிறகு ஃபயர்வால் தெளிவாகக் கேட்டது: "யாரு?"

"நானும் வெளியில நிக்கிறேன்னு சொல்லு" என்றது மஞ்சள், மெதுவாக.