மாடிப்படி ரேடியோ

"அந்த எழவை மொதல்ல நிறுத்தும்மா!"

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நாலாவது மாடி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். லிஃப்ட் நின்றுபோய் எட்டு மாதம் ஆகிறது. அதைச் சரி செய்ய வேண்டியவரும் அவர்தான், பாவம்.

தையல்காரி மிஷினிலிருந்து காலை எடுக்கவில்லை. மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் இன்டர்நெட் ரேடியோ கணீரென்று பேசிக்கொண்டிருந்தது. பேசுவது யார் என்று தெரியாதபடி குரலைக் கீச்சுக் கீச்சென்று பொம்மைக் குரலாக மாற்றியிருந்தார்கள்.

"வணக்கம் நேயர்களே! மாடிப்படி ரேடியோ, நேரலை. இப்போ மணி சரியா பதினொண்ணு. லிஃப்ட் இன்னிக்கும் தூங்குது. செக்ரட்டரி வீட்டு வாசல்ல பெயர்ப்பலகை மட்டும் புதுசா மின்னுது..."

"பொய்! மணி சொல்றதுகூடப் பொய்!" செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "பதினொண்ணு ஆகி அரை நிமிஷம் ஆச்சு."

"இன்டர்நெட்ல எப்பவும் அரை நிமிஷம் பிந்திதான் சார் வரும். லிஃப்ட் அளவுக்கு லேட் இல்லை."

அவருக்குச் சுருக்கென்றது. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார்.

"இதை நடத்துறதே நீங்கதான்னு நினைச்சிட்டிருந்தேன்."

"நான் உங்க கண்ணு முன்னாடி காலர் தைச்சிட்டிருக்கேன். அது பாட்டுக்குப் பேசுது. அப்புறம் எப்படி?"

"சரி, நடத்தலை. கேக்கறீங்கல்ல? நாலு மாடிக்கும் கேக்கற மாதிரி வைக்கறீங்கல்ல? ஒண்ணு, இதை அணைக்கணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணணும். நோட்டீஸ் ரெடி. சங்கத்து ஸ்டாம்ப் குத்த வேண்டியதுதான் பாக்கி."

அவள் மிஷினை நிறுத்தினாள். ஒன்பது வருஷமாக வாடிக்கையாளர்கள் இந்தக் கதவைத் தேடித்தான் வருகிறார்கள். இங்கிருந்து கிளப்பிவிட்டால் மிஷினைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது? எழுந்து கம்ப்யூட்டர் பக்கம் போனாள். செயலாளர் முகம் மலர்ந்தது.

அவள் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

"என் காது சார். எதைக் கேக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். அணைக்க முடியாது."

"வாடகைக்கு இருந்துக்கிட்டு என்ன திமிரு! என் வீட்டுக்காரியைப் பார்த்துக் கத்துக்குங்க. இருபத்தஞ்சு வருஷத்துல எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது. இருங்க, நீங்களே கேளுங்க."

போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். பெருமைக்கு ஸ்பீக்கரிலும் போட்டார். ரெண்டாவது மணி அடித்ததுமே எடுத்தாள் மனைவி.

"ஏய், அலமாரியில சங்கத்து ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். எடுத்து வை. வந்து வாங்கிக்கறேன்."

"சரிங்க. துணி மடிச்சிட்டிருக்கேன், இதோ எடுத்து வைக்கறேங்க."

குரல் அவ்வளவு சன்னமாக இருந்தது. கம்ப்யூட்டரிலோ பொம்மைக் குரல் நிற்காமல், தண்ணீர்த் தொட்டியைக் கழுவாத கதையைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா? பொம்பளைன்னா இப்படி இருக்கணும்." போனைப் பையில் போட்டுக்கொண்டார். "பத்தே நிமிஷம். ஸ்டாம்போட வர்றேன். மூட்டையைக் கட்டி வைங்க."

"வாங்க, பார்க்கலாம். அப்பவும் இது ஓடிக்கிட்டுதான் இருக்கும்" என்றாள் அவள். ஊசியில் நூலைக் கோத்தாள்.

செயலாளர் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தார். கம்ப்யூட்டரில் போன் மணி அடித்தது. ஒன்று, இரண்டு.

"ஒரு நிமிஷம் நேயர்களே, போன் வருது" என்றது பொம்மைக் குரல். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரிங்க. துணி மடிச்சிட்டிருக்கேன், இதோ எடுத்து வைக்கறேங்க."

செயலாளரின் கால் அப்படியே நின்றுவிட்டது.

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றது ரேடியோ. "ஸ்டாம்ப் கேக்கறாரு. அது என் மடியில பத்திரமா இருக்கு நேயர்களே. லிஃப்ட் ஓடற வரைக்கும் தர்றதா இல்லை!"