பதினெட்டு டியூப்

ஒரே மாதத்தில் பதினெட்டு டியூப் புண் களிம்பு வாங்கியிருந்தாள் அம்சவேணி. பதினெட்டுக்கும் தன் பேரிலேயே கம்பெனிக்கு மருந்து பில் கொடுத்திருந்தாள்.

ஆம்பூர் தோல் கம்பெனி அது. நிரந்தரத் தொழிலாளர்கள் மருந்து பில் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். எந்தப் பிரிவில் என்ன மருந்து அதிகம் செலவாகிறது என்று ஆராய, எண்பத்து மூன்றாம் வருஷம் கம்பெனி டாக்டர் சைரா அந்த பில்களை வாங்கி வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். கேன்டீன் வரைக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும் இப்படிச் செய்தவளின் தைரியத்தை என்ன சொல்ல?

பர்சனல் ஆபீசர் பரந்தாமன் டிஸ்மிஸ் ஆர்டரை டைப் செய்து முதலாளி அப்துல் ஹமீதின் மேஜையில் வைத்துவிட்டார்.

"வெளியில விக்கிறா சார். நீங்க கையெழுத்து போட்டா இன்னிக்கே அனுப்பிடலாம்."

அம்சவேணிக்கு பேக்கிங் பிரிவில் வேலை. இரண்டு பிள்ளைகளும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டன.

டாக்டர் அவள் கையை நீட்டச் சொன்னார். ஒரு கீறல்கூட இல்லை.

"யாருக்கும்மா இவ்வளவு களிம்பு?"

"கூட வாங்க மேடம், காட்றேன். முதலாளியும் வரட்டும்."

இருவரையும் நேராக, தோலின் முடி உதிர ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிக்கு அழைத்துப் போனாள். அங்கே பதினெட்டுப் பேர் முழங்கால் அளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று தோலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கையும் காலும் வெந்து புண்ணாகிக் கிடந்தன. ஆளுக்கொரு டியூப் இடுப்பில் செருகியிருந்தது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். எல்லாப் பிரிவுக்கும் ஒரு எண் இருந்தது, தொட்டிக்கு மட்டும் பூஜ்யம். மருந்தே தேவைப்படாத ஆரோக்கியமான பிரிவு என்று அவரே பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தார். தொட்டியில் நிற்பவர்கள் தினக்கூலி ஆட்கள், அவர்களுக்கு பில் கொடுக்கும் உரிமையே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

முதலாளி தொட்டிப் பக்கம் வந்து வருஷக்கணக்காகிறது. ஒருவரின் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, தொட்டி ஆட்களுக்கும் இனி மருந்து இலவசம், நாளைக்கே எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸும் கையுறையும் வந்தாக வேண்டும் என்று சொன்னார். டிஸ்மிஸ் ஆர்டர் குப்பைக்குப் போயிற்று. தொட்டிக்குள் நின்றவர்கள் அடித்த விசில் கேட்டு பேக்கிங் பிரிவே ஓடி வந்தது.

பரந்தாமனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அம்சவேணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உதவி பண்ணது சரி. பேக்கிங்ல இருக்கறவங்க பேர்ல ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுப் போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்டியா ஒரே பேர்ல போட்டு மாட்டிக்குவே?"

அம்சவேணி சிரித்தாள்.

"தொட்டி ஆளுங்களுக்கு மருந்து கேட்டு மூணு வாட்டி மனு குடுத்தோம் சார், யாரும் எட்டிப் பாக்கல. பில்லு ஜாஸ்தியா வந்தா மட்டும் ஒடனே கூப்ட்டு கேப்பீங்கன்னு தெரியும். மாட்டணும்னுதான் சார் ஒரே பேர்ல போட்டேன்."