பல்லி சொன்ன பதில்

ஒரு ஜெராக்ஸ் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதன் பெரிய பெட்டிக்குப் பின்னால், வெதுவெதுப்பாக வரும் காற்றில், ஒரு பல்லி எந்நேரமும் அரைத்தூக்கத்தில் கிடக்கும். வெயில் பட்ட மேகத்தின்மேல் படுத்து மிதப்பதாக அதற்குக் கனவு வரும்.

அன்றும் மிதந்துகொண்டிருந்தபோதுதான், கடைக்காரி வளர்மதி போனில் பேசுவது எங்கிருந்தோ கேட்டது.

“இந்தப் புது கம்ப்யூட்டர் டிபன் பாக்ஸ் அளவுதாங்க இருக்கு. விலையும் கம்மி. ஆனா என் வேலைக்குத் தாங்குமா? வாங்கலாமா, வேண்டாமான்னே தெரியல.”

“வாங்கட்டும். எனக்கும் மூச்சு வாங்குது,” என்று முனகியது கம்ப்யூட்டர்.

“டிபன் பாக்ஸுக்குப் பின்னால என் வாலுக்கே இடம் பத்தாதே!” பல்லியின் மேகம் கலைந்தது. சுவரில் ஏறி, “வேண்டாம்! வேண்டாம்!” என்று கத்தியது.

வளர்மதி காதில் விழுந்தது ‘ச்சு ச்சு’ மட்டும்தான். முகம் மலர்ந்து மேசையை விரலால் தட்டினாள்.

“நல்ல சகுனம்! பல்லியே சொல்லிருச்சுங்க. ஒண்ணு அனுப்பிடுங்க.”

பல்லி பதறிப்போய் இன்னும் பலமாகக் கத்தியது.

“அடேங்கப்பா, மறுபடியும் சொல்லுது! ரெண்டாவே அனுப்பிடுங்க.”