வாய்ப்பூட்டு

"டாக்டர், ஒரு சின்ன உதவி. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் எங்க அத்தை வாயே திறக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா தட்ட மாட்டாங்க."

மருமகள் கதவோரம் நின்று சொன்னது நர்ஸ் காதில் தெளிவாக விழுந்தது. அதற்கப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னது விழவில்லை. பல் டாக்டர் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு" என்றார்.

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரூட் கேனாலுக்காக மூன்று தடவை வந்துபோன அந்த மாமியார் என்றால் அவளுக்கு உயிர். நாற்காலியில் சாய்கிற வரைக்கும் கலகலவென்று பேசிக்கொண்டே இருப்பார். அந்த வாய்க்கா பூட்டு? அடிப்பாவி!

மாமியார் வந்து சாய்ந்தார். டாக்டர் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பை மாட்டினார். வேர்க்குழியைச் சுத்தம் செய்து, ஈரத்தை ஒற்றி எடுத்தார்.

"ஃபைபர் குச்சியைக் கொடும்மா."

இருந்த கோபத்தில் நர்ஸ் வெடுக்கென்று விரலாலேயே எடுத்து நீட்டினாள்.

"என்னாச்சு உனக்கு இன்னிக்கு? துடைச்ச குச்சில விரல் பட்டா பசை பிடிக்குமா? மறுபடி ஸ்பிரிட்ல துடை. இடுக்கியால எடு."

அசடு வழியத் துடைத்துக் கொடுத்தாள். பசையோடு குச்சி வேருக்குள் இறங்கியது. நீல விளக்கைக் காட்டி, அதன்மேல் பல்லையும் கட்டி, ரப்பர் விரிப்பைக் கழற்றினார் டாக்டர்.

"அம்மா, நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரின்னு தலைகூட ஆட்டக் கூடாது. பசை இறுகணும்" என்றார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

மாமியார் அசையாமல் கேட்டுக்கொண்டார். டாக்டர் கை கழுவப் போனார். மருமகள் வண்டி பிடிக்க வெளியே ஓடினாள்.

இதற்குமேல் நர்ஸால் பொறுக்க முடியவில்லை. குனிந்து படபடவென்று சொல்லிவிட்டாள்.

"அம்மா, அத்தனையும் பொய். லைட் காட்டினப்பவே பசை கல்லாயிடுச்சு. நீங்க தாராளமா பேசலாம். உங்க மருமகதான் உங்க வாயை அடைக்கச் சொன்னாங்க. என் காதால கேட்டேன்!"

மாமியார் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும் கண்ணு. நானும் அவளும் சேர்ந்து போட்ட திட்டம்தான். நாளைக்கு என் பெரிய பையன் என்னைத் தன்னோட கூட்டிட்டுப் போக வர்றான். அவன் 'வாம்மா'ன்னா எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது. சரி சரின்னு கிளம்பிடுவேன். அதான், கேள்விக்குப் பதில் சொல்ற வேலையை இவ எடுத்துக்கிட்டா."

"ஏம்மா, பெத்த பையன் கூப்பிட்டா போறதுக்கென்ன?"

மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அவனுக்கு வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணும். இவளுக்கு நான் வேணும்."