ஒரு விளக்கு மட்டும்

"உங்க லைட்டு மூணே வருஷத்துல கண்ணைச் சொருகிடுச்சு," என்றார் மேலாளர் குர்ட். காபி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

மாரிட் பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை உதறினாள். விடிவதற்கு முன்பே கிளம்பி, ஏரிக்கரைச் சாலையில் வழுக்கி வழுக்கி வந்த அலுப்பு. ஒரே விஷயத்தை இத்தனை வருஷமாக ஊர் ஊராகப் போய்ச் சொல்லும் அலுப்பு அதைவிடப் பெரியது.

எல்.இ.டி. விளக்கு பட்டென்று அணைவதில்லை. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். தூசியும் தன் பங்குக்கு மறைக்கும். அதனால் பத்தாவது வருஷம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, முதல் நாளே வெளிச்சத்தைக் கூடுதலாகக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் அவள் தொழில். முதல் நாள் கண் கூசுகிறது என்று எல்லோரும் திட்டுவார்கள். பத்தாவது வருஷம் யாரும் கூப்பிட்டு நன்றி சொல்வதில்லை.

இந்த மான்தோல் கையுறைத் தொழிற்சாலையிலும் அப்படித்தான். தையல் பெண்கள் இன்னமும் கண் கூசாமல் இருக்க வேட்டைத் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு தைத்தார்கள். மூன்றாவது வரிசைக் கடைசியில் இருந்த லோயிஸ் மட்டும் வெறுந்தலை. மங்கிப்போன விளக்கு அவளுக்கு நேர் மேலே இருந்தது.

"தலைமை அலுவலகத்து ஆளுங்க வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. லைட்டு கெட்டிருந்தா நீங்க புதுசு மாட்டணுமாம். தூசின்னா, துடைக்காத ஆளை வீட்டுக்கு அனுப்பணுமாம். எதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்றார் குர்ட்.

துடைக்கிற ஆள் டோய்வோ, துடைப்பத்தைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார்.

"யோவ், துடைச்சியா இல்லியா?"

"எல்லாம் துடைச்சுதான் இருக்கு."

"ஆமா. மத்தியானம் பாஸ்டி தின்னுட்டு வாயைத் துடைச்சிருப்பே."

யாரும் சிரிக்கவில்லை. டோய்வோ தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

மாரிட் ஒளிமானியை மேசை மேசையாக வைத்துப் பார்த்தாள். எல்லா இடத்திலும் தேவைக்கு மேலேயே இருந்தது, அவள் எதிர்காலத்துக்கென்று சேர்த்து வைத்த உபரி. லோயிஸ் மேசையில் மட்டும் தையலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். உபரி இல்லை.

டோய்வோ வலது காலை இழுத்து இழுத்து ஏணியைக் கொண்டுவந்தார். முழங்காலில் ஆபரேஷனாம். ஏணியை விரிப்பதற்குள் மூச்சு வாங்கியது. தூசியாகத்தான் இருக்கும் என்று மாரிட் முடிவு செய்துவிட்டாள். மனசு கனத்தது. அதற்காகப் பொய்யா எழுத முடியும்?

ஏறிப் பார்த்தாள். இரண்டு பக்கத்து விளக்குகளும் பளிச்சென்று இருந்தன. இதன் மூடியில் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

விரலில் எதுவும் ஒட்டவில்லை.

பாத்ரூம் ஜன்னல் கண்ணாடிக்கு அடிப்பார்களே, அந்த வெள்ளைப் பூச்சு. ஓரத்தில் டேப் ஒட்டி, ஒரு சொட்டுகூட வழியாமல் அடித்திருந்தது.

"அதை எடுத்துடாதீங்கம்மா."

லோயிஸ் தலையை நிமிர்த்தவில்லை. மெஷினையும் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்குள்ளேயே மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். போன வருஷம் கண்ணில் ஆபரேஷன். அதற்கப்புறம் இந்த வெளிச்சம் ஊசி மாதிரி குத்தியதாம், தொப்பிக்கெல்லாம் அடங்கவில்லையாம். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டால், கண் சரியில்லாத ஆள் தையலுக்கு எதற்கு என்று அனுப்பிவிடுவார்களாம்.

"இன்னும் ரெண்டு வருஷத்தை ஓட்டிட்டா பென்ஷன் வந்துடும்."

மாரிட் கீழே பார்த்தாள். டோய்வோ இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காலை வைத்துக்கொண்டா ஏறினார், பாவி மனுஷன்!

அவள் தொழிலில் வெளிச்சக் குறைவு இரண்டு வகைதான். துடைத்தால் திரும்புவது, துடைத்தாலும் திரும்பாதது. எதை எழுதினாலும் அந்த வெள்ளை வெளிச்சம் மறுபடி லோயிஸ் தலையில் இறங்கும். முதலாவதை எழுதினால் டோய்வோவும் போவார்.

இறங்கி வந்தாள்.

"தூசி இல்லை. லைட்டும் கெடலை. இந்த இடத்துக்கு நான் அளவுக்கு மேல வெளிச்சம் வச்சிட்டேன். இப்ப இருக்கிறதுதான் சரியான அளவு. யாரும் இதுல கைவைக்க வேண்டாம்."

"அப்ப தப்பு உங்களோடதா?"

"என்னோடதுதான்."

"அதை அப்படியே எழுதுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குர்ட் இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாய் வார்த்தைக்கு ஒரு நன்றி இல்லை. டோய்வோ பக்கம் திரும்பி, "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே, ஏணியை எடு," என்றார்.

கல்லில் செய்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டு மாரிட் வெளியே வந்தாள்.

அதற்குள் காரை மறுபடி பனி மூடியிருந்தது. கதவைத் திறக்கப் போனவள், பின்னாலேயே குர்ட் கோட்டுகூடப் போடாமல் வருவதைப் பார்த்தாள். கையில் பனி சுரண்டும் கட்டை. முன்கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தார். பாதி முடித்ததும் நிறுத்தி, தொழிற்சாலைக் கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"டோய்வோ ஏணி ஏறி ஒரு வருஷமாச்சு. துடைக்கிறதெல்லாம் நான்தான்," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெயின்ட் வேலை எனக்குப் பழக்கமில்லை. ரெண்டாவது பூச்சைக் கொஞ்சம் ஜாஸ்தியா அடிச்சிட்டேனோ?"