கிறகரி அண்ணை கேட்ட மூன்று வருடம்

"அண்ணை, இந்த வருசமும் நீங்கள்தான் பந்து எறியோணும். அதைக் கேக்கத்தான் வந்தனாங்கள்."

சொல்லிவிட்டு ஹென்றி, பக்கத்தில் இருந்த பற்றிக்கைப் பார்த்தான். கிறகரி மாட்டேன் என்று சொல்லவேண்டிய இடம் இதுதான்.

சும்மா முறைக்குக் கேட்டது. பங்குக் கோவிலின் பேஸ்போல் அணியைத் தொடங்கியவர் கிறகரி. இப்போது நாற்பத்து நாலு வயது. போன கோடையில் அவர் எறிந்த பந்துகளை எல்லாம் எதிரணிகள் வேலிக்கு அப்பால் அடித்துத் தள்ளின. இருபது வயது டிலக்ஷனோ, பந்தெறிய இடம் தராவிட்டால் கார்ட்டியர்வில் அணிக்குப் போகிறேன் என்று நிற்கிறான். அவனை விட்டால் இந்த வருடமும் கிண்ணத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஆனாலும் மூத்தவரை ஒரு வார்த்தை கேட்காமல் இளையவனைப் போட்டால், பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

"கஷ்டமெண்டால் சொல்லுங்கோ அண்ணை. நாங்கள் ஒண்டும் நினைக்கமாட்டம்," என்று பற்றிக் வழி திறந்து கொடுத்தான்.

கிறகரி கொஞ்சம் யோசித்தார்.

"எறியிறன். ஆனால் ஒரு வருசத்துக்கு ஏலாது. மூண்டு வருசத்துக்கு எழுதித் தாங்கோ."

பற்றிக்குக்குத் தேநீர் புரையேறியது.

"மூண்டு வருசமோ?"

"ஓம். எல்லா மட்ச்சும் நான்தான் எறிவன். இடையில ஆள் மாத்தக்கூடாது."

"அண்ணை, காசுக்கு விளையாடின எக்ஸ்போஸ் அணிக்காரர்கூட இப்பிடி எழுதிக் குடுக்கமாட்டினம்."

"அவையள்தான் போன வருசத்தோட ஊரைவிட்டே போட்டினமே. இனி மொன்றியலுக்கு நாங்கள்தான்."

ஹென்றி அவருடைய தோள் வலியைச் சொன்னான். முழங்கால் வலியையும் சொன்னான். "மூண்டாம் வருசம் உங்களுக்கு நாற்பத்தாறு, அண்ணை. எறிஞ்ச பந்தைக் குனிஞ்சு எடுக்கவும் ஏலாது."

"அப்ப வேற ஆளைப் பாருங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

கோவிக்கமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லும் மனிதர் எவ்வளவு கோவிப்பார் என்று ஹென்றிக்குத் தெரியும். கனடாவுக்கு வந்த முதல் குளிரில் எட்டு மாதம் அவன் படுத்தெழும்பியது இவருடைய இந்தக் கோட்-டெ-நெய்ஜ் வீட்டுச் சோபாவில்தான். இவரிடம் எந்த வாயால் வேண்டாம் என்பது?

டிலக்ஷனுக்கென்று பையில் கொண்டுவந்த படிவத்தை எடுத்தான். அதில் கிறகரியின் பெயரை எழுதி, மூன்று வருடம் என்று போட்டு நீட்டினான். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கையெழுத்து வைத்தார்.

பஸ் தரிப்பில் பற்றிக் கையை விரித்தான். "டிலக்ஷனுக்கு நீயே சொல்லு. நான் சொல்லமாட்டன்."

"சொல்லத்தானே வேணும். கிண்ணம் இனிக் கார்ட்டியர்வில்காரருக்குத்தான்," என்றான் ஹென்றி. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மேலே மாடி வீட்டில், கிறகரியை அவர் மனைவி யோசெப்பின் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கென்ன விசரேயப்பா? அடுத்த மாசம் முழங்காலுக்கு ஒப்பரேசன்! இனி மைதானப் பக்கமே போகமாட்டன் எண்டு காலமையும் சொன்னியள்!"

கிறகரி முழங்காலைப் பிடித்தபடி சோபாவில் விழுந்தார்.

"வீடு தேடி வந்த பெடியளிட்ட ஏலாதெண்டு எப்பிடியப்பா சொல்லுறது? மூண்டு வருசமெண்டு கேட்டால் பயந்து ஓடிப்போவாங்கள் எண்டுதானே கேட்டனான்!"