எண்ணெய் குடிக்காத வண்டி

“புடிங்கலா! என் மோட்டார்ல எண்ணெய் திருடுறான்!”

செந்தூல் அடுக்குமாடியின் மோட்டார் நிறுத்துமிடத்தில் ராதாகிருஷ்ணன் போட்ட சத்தத்தில், வேலைக்குக் கிளம்பியவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

அவருடைய பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் குந்தியிருந்தார் பக்கத்து வீட்டு மைதீன். எஞ்சின் எண்ணெய் மூடி ஒரு கையில். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால்.

ராதாகிருஷ்ணனைத் தெரியாதவர்கள் அந்த அடுக்குமாடியில் கிடையாது. பழைய மோட்டார் எது வந்து நின்றாலும், கூப்பிடாமலே போய் நோயைச் சொல்லிவிடுவார். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் பால் தேநீர் மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. கீழே சொட்டினால் சீல் போச்சு. ஆலோசனை இலவசம். யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அவர் வண்டி மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் குடிக்காது. அதன் பின்னால் தினமும் கிளம்பும் நீலப் புகை?

“அது காலைப் பனிலா” என்பார்.

இப்போது கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது.

“இவன் மோட்டாருக்கு ஓயாம எண்ணெய் வேணும். கடையில போத்தல் போத்தலா வாங்குறதை நானே பாத்திருக்கேன். பத்தல போல. இப்ப என்னோடதுலயே கை வெச்சிட்டான்!”

“என்னண்ணே இது?” என்று மைதீனைக் கேட்டாள் வாணி. பிரிக்பீல்ட்ஸுக்கு மோட்டாரில் வேலைக்குப் போகிறவள். ராதாகிருஷ்ணனின் இலவச ஆலோசனையை அதிகம் அனுபவித்தவளும் அவள்தான்.

மைதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

“வாயைத் திறக்குறானா பாரு! போலீசைக் கூப்புடுங்கலா!”

வாணி மூடியை வாங்கினாள். அதில் நீட்டிக்கொண்டிருந்த அளவுக் குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தாள்.

“அங்கிள், எண்ணெய் நிறைய இருக்கே?”

“இருக்காதா பின்னே? என் வண்டிதான் குடிக்காதே! இவன் எடுக்கறதுக்குள்ள நான் புடிச்சிட்டேன்.”

“கடைசியா எப்ப எண்ணெய் மாத்தினீங்க?”

“போன வருஷம்!” பரிசு வாங்கியவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார்.

“பழசு கறுத்துப் போயிடும், புதுசுதான் தேன் மாதிரி இருக்கும்னு நீங்கதானே எனக்குப் பாடம் எடுத்தீங்க? அப்புறம் எப்படி மூடி வாயில தேன் மாதிரி வழியுது?”

ராதாகிருஷ்ணன் குனிந்து பார்த்தார்.

வாணி மைதீனின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பாதி காலியான புது எண்ணெய் போத்தல்.

“இவரு எடுக்கல அங்கிள். ஊத்துறாரு.”

ராதாகிருஷ்ணன் போத்தலையும் மைதீனையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் பழக்கம் விடுமா?

“என்ன கிரேடு எண்ணெய்லா ஊத்துனே?”

கூட்டம் சிரித்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்ப… அந்தப் போத்தல் எல்லாம் குடிச்சது என் மோட்டாரா?” என்றார். “ஏன் மைதீன், என்கிட்ட சொன்னா என்ன?”

மைதீன் மாடிப்படியைப் பார்த்தார்.

ராதாகிருஷ்ணனின் மனைவி இராஜம்மா, டயாலிசிஸுக்குக் கொண்டுபோகும் பையோடு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்துகொண்டிருந்தார். அந்த மோட்டாரின் பின்சீட்டில்தான் அவர் போய் வருவது.

“தம்பியைத் திட்டாதீங்க. நான்தான் ஊத்தச் சொன்னேன். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னும் நான்தான் சொன்னேன்.”

“ஏன் இராஜம்?” ராதாகிருஷ்ணனின் குரல் இறங்கிவிட்டது.

“என் கிட்னி போச்சுன்னு டாக்டர் சொன்னதுலேருந்து நீங்க சரியாவே தூங்கல. நம்ம வீட்டுல இந்த மோட்டாராச்சும் நோயில்லாம இருக்குன்னு நீங்க நம்பிக்கிட்டு இருக்கட்டுமேன்னுதான்.”